வடக்குத் தெரு வால்வு

நீங்கள் வாங்கிக் கொடுத்த டீ நன்றாக இருந்தது, தாயி. ஒரு வாய் குடித்ததுமே தெரிந்துவிட்டது, இது காவிரித் தண்ணீரில் போட்ட டீ என்று. எங்கள் முள்ளிவலசையில் போர்த் தண்ணீரில் டீ போட்டால் பால் திரிந்துவிடும். திரியாமல் தப்பினாலும் நாக்கின் ஓரத்தில் ஒரு கரிப்பு தங்கும். அதனால் டீக்கும் சோற்றுக்கும் நல்ல தண்ணீரைத் தனிக் குடத்தில் எடுத்து மூடி வைத்துவிடுவோம். விருந்தாள் வந்தால்தான் அந்தக் குடத்தைத் திறப்போம். எனக்கு அந்தத் தண்ணீரில் டீ கொடுத்திருக்கிறீர்கள். மறக்க மாட்டேன்.

"நடந்ததை உங்க கைப்பட எழுதுங்கம்மா, எதையும் விட்டுறாதீங்க" என்றீர்கள். எழுதுகிறேன். ஐந்தாவது வரைதான் படித்தேன். ஆனாலும் பத்தொன்பது வருடமாக ரிஜிஸ்டர் எழுதுகிறவள் நான். தேதி, கிழமை, தண்ணீர் திறந்த நேரம், அடைத்த நேரம். ஓர் இடத்தில்கூட அடித்துத் திருத்தியிருக்க மாட்டேன். அந்த ரிஜிஸ்டர்தான் இப்போது உங்கள் மேசையில் இருக்கிறது. அதன் மேல் டீ கிளாஸை வைக்க வேண்டாம் தாயி. வட்டம் விழுந்துவிடும்.

என் பெயர் பூமயில். வயது அறுபத்தொன்று. முள்ளிவலசை மேல்நிலைத் தொட்டிக்கு ஆபரேட்டர். பெயர் சொன்னால் ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. தண்ணிக்காரம்மா என்றால் நாய்கூட வழிகாட்டும்.

எங்கள் ஊர் உப்பூரிலிருந்து கடல் பக்கமாகக் கருவேலங்காட்டுக்குள் இருக்கிறது. நான்கு தெரு, தொண்ணூறு வீடு. காவிரித் தண்ணீர் குழாயில் எவ்வளவோ தூரம் வந்து எங்கள் தொட்டியில் ஏறும். செவ்வாயும் சனியும் காலை ஏழு மணிக்கு அதைத் தெருக்களுக்குத் திறந்துவிடுவது என் வேலை. தண்ணீருக்கு வேகம் இருக்காது. தரைக்கு மேலே குழாயை ஏற்றினால் வெறும் காற்றுதான் வரும். அதனால் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நெஞ்சளவு ஆழத்துக்குக் குழி வெட்டி, குழாயின் வாயைக் குழிக்குள் வைத்திருக்கிறார்கள். தண்ணீர் குழிக்குள் விழும். பெண்கள் உள்ளே இறங்கி இடுப்பளவு தண்ணீரில் நின்று, கிண்ணத்தால் மொண்டு குடத்தில் ஊற்றி மேலே கொடுப்பார்கள்.

பிறகு குழிக்குள் மோட்டார் வந்தது. சின்ன மோட்டார்தான், டுல்லு மோட்டார் என்போம். அதைப் போட்டால் பக்கத்து வீட்டுக்குப் போகிற தண்ணீரையும் சேர்த்து உறிஞ்சிவிடும். ஒரு வீட்டில் வைத்தால் அடுத்த வீட்டில் வைக்காமல் என்ன செய்வார்கள்? ஊராட்சியில் தடை போட்டார்கள். வீடு வீடாகப் பறித்தார்கள். பறித்த வாரமே புதிது வாங்கினார்கள்.

கடைசியில் நான்தான் ஒரு வழி சொன்னேன். தண்ணீர் திறந்திருக்கும் நேரம் முழுக்க ஊருக்குக் கரண்டை நிறுத்திவிடுவது. லைன்மேன் பிரபாகரன் தம்பி அதற்கு ஒத்துக்கொண்டார். தண்ணீர் நாளன்று அவர் பஸ் நிறுத்தத்தில் டிரான்ஸ்பார்மர் பக்கத்திலேயே இருப்பார். அங்கிருந்து எங்கள் தெருக்கள் தெரியாது. திறக்கும் முன் நான் போன் செய்து "நிப்பாட்டுங்க தம்பி" என்பேன். அடைத்த பிறகு போன் செய்து "அடைச்சாச்சு, விடுங்க தம்பி" என்பேன். வேறு பேச்சு இருக்காது. என் குரலை நம்பித்தான் அவர் கரண்டு கொடுப்பார். அந்த நம்பிக்கையை நான் பெரிதாக மதிக்கிறேன்.

இதில் ஒரு சிக்கல் வந்தது. வால்வை அடைத்த பிறகும் குழாயில் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். வால் தண்ணீர் என்போம். கரண்டு வந்த நொடியில் யார் மோட்டார் முதலில் ஓடுகிறதோ, அந்த வால் தண்ணீர் அவர்களுக்கு. அதனால் எங்கள் சனங்கள் ஒரு காரியம் செய்தார்கள். கரண்டு இல்லாத நேரத்திலேயே பிளக்கைச் செருகி, சுவிட்சையும் போட்டு வைத்துவிட்டுக் குழிக்குள் இறங்கினார்கள். மோட்டாரும் குழிக்குள், மனுசரும் குழிக்குள், தண்ணீரும் குழிக்குள். கரண்டு எப்போது வரும் என்பது மட்டும் என் கையில்.

எனக்குத் தூக்கமே வரவில்லை, தாயி. மூன்று வருடத்துக்கு முன்னால் மேலத் தெருவில் ஒரு பெண்ணைக் கரண்டு தூக்கி எறிந்தது. பிழைத்துக்கொண்டாள், ஒரு கை மட்டும் இன்னும் மரத்துக் கிடக்கிறது. அன்றிலிருந்து நான் வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். இறங்குவதற்கு முன் பிளக்கைக் கழட்டி ஆணியில் மாட்டு. சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கையே கழட்டு. ஈரக் கையால் தொடாதே. எர்த்துக்கான பெரிய பின்னை ஒடித்து இரண்டு பின் பாயிண்டில் செருகாதே. குழாய்ப் பக்கத்தில் பாயிண்ட் வைக்காதே. கேட்டவர்களும் உண்டு, சிரித்தவர்களும் உண்டு. ஆனால் ஒரு வழக்கம் பிடித்துக்கொண்டது. தண்ணீர் நாளன்று குழிக்குள் இறங்குகிறவள் "பிளக் கழட்டியாச்சா?" என்று கத்துவாள். வீட்டுக்குள்ளிருந்து "கழட்டியாச்சு" என்று பதில் வரும். பதில் வந்த பிறகுதான் இறங்குவாள். ஏழு மணிக்குத் தெருவில் நடந்தால் இரண்டு பக்கமும் இதே சத்தம்தான். அதைக் கேட்டுக்கொண்டே நடக்க எனக்குப் பிடிக்கும்.

இவ்வளவையும் எதற்குச் சொல்கிறேன் என்றால், நான் கவனமான மனுஷி என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும்.

இப்போது என் கஷ்டத்தையும் சொல்லிவிடுகிறேன். பத்தொன்பது வருடத்தில் நான் ஊரை விட்டு ஒரு நாளும் முழுதாக வெளியே தங்கியதில்லை. இன்று செவ்வாய் என்றால் நாளை மறுநாள் தொட்டி ஏற வேண்டும், அதற்கு அடுத்த நாள் மோட்டார் பார்க்க வேண்டும், அதற்குள் சனி வந்துவிடும். திருவாடானையில் என் தாய் உயிரை விட்டது ஒரு சனிக்கிழமை. வால்வை அடைத்துவிட்டுப் போனேன். போய்ச் சேர்வதற்குள் முகத்தை மூடிவிட்டார்கள். மகன் அருள்முருகன் திருப்பூரில் இருக்கிறான். பேத்தி பிறந்து நான்கு வருடம் ஆகிறது, போனில்தான் பார்த்திருக்கிறேன். "வந்துருங்கம்மா, அங்கன கெடந்து என்ன செய்யப் போறீக" என்பான். "யாருகிட்டய்யா சாவியக் குடுத்துட்டு வாரது? கட்டிப்போட்ட மாடு மாதிரி கெடக்கேன்" என்பேன். ஊர்க் கூட்டத்திலும் அதையேதான் சொல்வேன். வேறு ஆள் பாருங்கள், என்னை விடுங்கள் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்லியிருக்கிறேன். யார் வேண்டுமானாலும் சாட்சி சொல்வார்கள்.

இந்த மே மாதம் ஆள் பார்த்துவிட்டார்கள்.

மாலதி. வடக்குத் தெருவில் கடைசிக்கு முந்தின வீடு. முப்பது வயது இருக்கும். புருஷன் மருதுபாண்டி, லோடு ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தவன், கால் முறிந்து இப்போது ஊன்றுகோலோடு நடக்கிறான். அவள் பன்னிரண்டாவது படித்தவள். கூட்டத்தில் ஊராட்சித் தலைவர் என் தோளில் ஒரு துண்டைப் போட்டார். "பூமயிலம்மா, கட்டிப்போட்ட மாடு மாதிரி கெடக்கேன்னு எத்தன தடவ சொல்லியிருப்பீக. இந்தா, கயித்த அவுத்துவிட்டாச்சு. ஒண்ணாந் தேதியிலருந்து நீங்க எங்கன வேணும்னாலும் மேயலாம்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நல்ல துண்டு. இன்னும் பிரிக்காமல் வைத்திருக்கிறேன்.

ஜூலை ஒன்றாம் தேதி சாவியைக் கொடுப்பது என்று முடிவு. அதற்கு முன் ஒரு மாதம் அவள் என் கூட வந்தாள். நான் ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை, பார்த்தே தெரிந்துகொண்டாள். வடக்குத் தெருவுக்கு எப்போதும் கடைசியில்தான் தண்ணீர் போகும். அங்கே போய்ச் சேரும்போது நூல் மாதிரி இருக்கும். அது பள்ளம் மேடு கணக்கு, ஒன்றும் செய்ய முடியாது என்று நான் பத்தொன்பது வருடமாகச் சொல்லி வந்திருக்கிறேன். இரண்டாவது வாரத்தில் அவள் கேட்டாள். "அத்தை, மத்த மூணு வால்வையும் அடைச்சிட்டு மொதல்ல வடக்குத் தெருவத் தெறந்தா என்ன? இருவது நிமிசம் விட்டுட்டு மத்ததத் தெறப்போமே."

திறந்தோம். வடக்குத் தெருக் குழிகள் நிரம்பி வழிந்தன. தெருவே வாசலுக்கு வந்து நின்று பார்த்தது. ஒருத்தி குழியிலிருந்து ஏறாமல் உள்ளேயே நின்று தலையில் அள்ளி அள்ளி ஊற்றிக்கொண்டாள்.

அன்றைக்குப் பஸ் நிறுத்தத்தில் பிரபாகரன் தம்பி டீ குடித்துக்கொண்டே சொன்னார். "பூமயிலக்கா, பத்தொம்பது வருசமா வால்வத் தப்பாத் திருகிக்கிட்டு இருந்திருக்கீகளேக்கா." கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். "வயசாளி, விடுங்கப்பா" என்று ஒருவர் எனக்காகப் பரிந்து பேசினார். விளையாட்டுக்குத்தான் சொன்னார்கள். எனக்கு அதில் வருத்தமில்லை. சேலையைச் சரி செய்துகொண்டு வந்துவிட்டேன். அன்று ரிஜிஸ்டரில் நேரம் எழுதும்போது பேனா கொஞ்சம் அழுந்திவிட்டது, நீங்களே பாருங்கள், ஜூன் பத்தாம் தேதி.

மாலதியின் வீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். குழி வாசலில் இருக்கிறது. பிளக் பாயிண்ட் வீட்டுக்குப் பக்கவாட்டுச் சந்தில், குளியலறைச் சுவரின் வெளிப்புறம் இருக்கிறது. கை கழுவுகிற குழாய்க்கு ஒரு முழம் மேலே. நான் அதைப் பார்த்த அன்றே மருதுபாண்டியைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டேன். "ஏலே பாண்டி, தண்ணி தெறிக்கிற எடத்துல யாராச்சும் பாயிண்ட் வப்பாகளாலே?"

"வயர் பத்தலன்னு வயர்மேன் அங்கன வச்சிட்டாரு பெரியம்மா. எண்ணெய்க் கேன வெட்டிக் கூரை போட்டிருக்கேன்ல, பாருங்க" என்றான். அவன் சொன்னது மாதிரியே ஒரு மஞ்சள் கேனைப் பாதியாக வெட்டிப் பாயிண்டுக்கு மேலே ஆணி அடித்திருந்தான். அந்த மோட்டாரும் பழசு. "தொட்டா சுர்ருங்குது அத்தை" என்று மாலதி ஒரு நாள் சொன்னாள். அதன் பிளக்கில் பெரிய பின் இல்லை, ஒடித்திருந்தார்கள். எர்த் இல்லாத மோட்டாரில் கசிவு இருந்தால் அதன் இரும்பு உடம்பு முழுக்கக் கரண்டு நிற்கும் என்பது எனக்குத் தெரியும். ஊரில் அது நன்றாகத் தெரிந்த ஆள் நான் ஒருத்திதான்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். பிளக்கைக் கழட்டுவதில் அந்த வீட்டைப் போல் ஒழுங்கான வீடு முள்ளிவலசையில் இல்லை. கழட்டாமலே "கழட்டியாச்சு" என்று கத்துகிற வீடுகள் உண்டு. மருதுபாண்டி அப்படியில்லை. ஊன்றுகோலை இடுக்கிக்கொண்டு சந்துக்குள் போய், சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, ஆணியில் மாட்டிவிட்டுத்தான் குரல் கொடுப்பான்.

ஜூன் இருபத்தெட்டு, சனிக்கிழமை. சாவியைக் கொடுக்க மூன்று நாள் இருந்தது. பிரபாகரன் தம்பிக்குப் போன் செய்தேன். கரண்டு நின்றது. ஏழு மணிக்குத் திறந்தேன். மாலதி சொன்ன முறைப்படி முதலில் வடக்குத் தெரு, அப்புறம் மற்றவை. அன்று அவளுக்கு வீட்டில் தண்ணீர் பிடிக்கிற வேலை இருந்ததால் என் கூட வரவில்லை. நான் ஒவ்வொரு தெருவாக நடந்தேன். ஒவ்வொரு வீட்டிலும் நின்று பிளக் கழட்டியிருக்கிறதா என்று கண்ணால் பார்த்தேன். மோட்டார் உள்ள அறுபத்திரண்டு வீட்டையும் பார்த்தேன். கேட்டதோடு விடவில்லை, பார்த்தேன். மேலத் தெருவில் இரண்டு வீட்டில் கழட்டாமல் இருந்தார்கள், திட்டிக் கழட்டவைத்தேன். தெற்குத் தெருவில் ஒரு கிழவர் சுவிட்சை மட்டும் அணைத்திருந்தார், நானே பிடுங்கி அவர் கையில் கொடுத்தேன். இதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு மற்ற யாருக்கும் ஒரு கீறல்கூட விழவில்லை. அது தற்செயல் அல்ல.

வடக்குத் தெருவுக்குக் கடைசியில் வந்தேன். மாலதி குழிக்குள் நின்றாள். தலையும் தோளும் மட்டும் வெளியே தெரிந்தன. குடத்தை மேலே வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். மருதுபாண்டி நிரம்பிய குடத்தை ஒரு கையால் தூக்கிக்கொண்டு கொல்லையில் டிரம்மில் ஊற்றப் போயிருந்தான். ஒரு குடத்துக்கு அவனுக்கு ஐந்து நிமிடம் ஆகும்.

"அத்தை, இன்னைக்குக் கொஞ்சம் கலங்கலா வருது" என்றாள்.

"செத்த நேரத்துல தெளிஞ்சிரும்."

"ஒண்ணாந் தேதிக்குப் பெறகு ஒரு கவலையும் வேணாம். நீங்க திருப்பூருக்குப் போயிப் பேத்தியக் கொஞ்சிக்கிட்டு இருங்க. இங்கன எல்லாம் நான் பாத்துக்கிறேன். ரிஜிஸ்டரக்கூடப் புதுசா ஒண்ணு போடப் போறேன், பழசு உப்புக் காத்துல நைஞ்சு போச்சு."

அன்பாகத்தான் சொன்னாள். அந்தப் பெண்ணுக்கு என் மேல் ஒரு பொல்லாப்பும் கிடையாது. எனக்கும் அவள் மேல் கிடையாது. இதை நான் உறுதியாகச் சொல்ல முடியும்.

வடக்குத் தெரு வால்வு அவள் வீட்டைத் தாண்டி, சந்து வழியாகப் போனால் இருக்கிறது. சந்துக்குள் போனேன். பிளக் முறைப்படி ஆணியில் தொங்கியது. சுவிட்சு அணைந்திருந்தது. கீழே குழாயிலிருந்து சொட்டிய தண்ணீர் கல்லில் பட்டுச் சுவரெல்லாம் தெறித்துக்கொண்டிருந்தது. அந்த ஆணி கேன் கூரைக்கு வெளியே இருக்கிறது. தொங்குகிற பிளக்கில் தண்ணீர் பட்டால் நல்லதில்லை. பாயிண்டில் செருகியிருந்தால் கூரைக்கு அடியில் நனையாமல் இருக்கும். கையை முந்தானையில் நன்றாகத் துடைத்துக்கொண்டேன். ஈரக் கையால் தொடக் கூடாது. செருகினேன். சுவிட்சையும் போட்டேன். கரண்டு இல்லாத நேரத்தில் சுவிட்சு மேலே இருந்தால் என்ன, கீழே இருந்தால் என்ன.

பிறகு வால்வுப் பக்கத்தில் போய் நின்று பிரபாகரன் தம்பிக்குப் போன் செய்தேன். "அடைச்சாச்சு, விடுங்க தம்பி" என்றேன். போன் கணக்கு எடுத்த உங்கள் தாளில் எட்டு பன்னிரண்டு என்று இருக்கிறதே, அந்த அழைப்பு.

வால்வை நான் அடைக்கவில்லை. மற்றத் தெருக்களில் இன்னும் பாதிக் குடங்கள்கூட நிறையவில்லை. ஊருக்கு வர வேண்டிய தண்ணீரைக் குறைக்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது? வழக்கமான நேரம் வரை விட்டேன். எட்டு நாற்பதுக்கு அடைத்தேன். அதைத்தான் ரிஜிஸ்டரில் எழுதினேன்.

நீங்கள் எல்லாரும் என்னிடம் கேட்கிறீர்கள், எட்டு பன்னிரண்டுக்குக் கரண்டு வந்தது ஊரே பார்த்திருக்குமே, ஒருவர்கூடவா சொல்லவில்லை என்று. எப்படிச் சொல்வார்கள் தாயி? தண்ணீர் ஓடும்போதே கரண்டு வந்தால் என்ன செய்வார்கள்? குழியை விட்டு ஏறி மோட்டாரைப் போட ஓடினார்கள். அன்று போல் முள்ளிவலசையில் என்றைக்கும் தண்ணீர் நிரம்பியதில்லை. அறுபத்தொரு வீட்டிலும் தடை செய்த மோட்டார் இருபத்தெட்டு நிமிடம் ஓடியது. அதைச் சொன்னால் மோட்டார் போய்விடும். அதனால் நீங்கள் வந்து கேட்டபோது, தண்ணீர் அடைத்த பிறகுதான் கரண்டு வந்தது என்று ஊரே ஒரே வாயாகச் சொன்னது. நான் யாரிடமும் அப்படிச் சொல்லச் சொல்லவில்லை.

மாலதி சத்தம் போடவில்லை. கரண்டு பிடித்துக்கொண்டால் போட முடியாது. மோட்டார் உறுமுகிற சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் குடம் உருண்ட சத்தம். மருதுபாண்டி கொல்லையிலிருந்து ஊன்றுகோல் இல்லாமல் ஓடி வந்தான். அந்தக் காலோடு எப்படி ஓடினான் என்று தெரியவில்லை. குழியைப் பார்த்தான். சந்துக்குள் பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினான். நான்தான் அவனுக்குத் துணையாக அவளைத் தூக்கினேன். உடம்பு இன்னும் சூடாக இருந்தது. நெஞ்சில் அழுத்திப் பார்த்தேன். ஒரு தடவை சுகாதார முகாமில் செய்து காட்டியிருக்கிறார்கள். எனக்குத் தெரிந்ததையெல்லாம் செய்தேன்.

மருதுபாண்டி பிளக்கைக் கையிலேயே வைத்துக்கொண்டு தெருவில் உட்கார்ந்திருந்தான். "சொருகியிருந்துச்சு பெரியம்மா. நான் கழட்டுனேனே. ஆணியில மாட்டுனேனே. மாட்டலையா?" என்று கேட்டான்.

அவன் தலையைத் தடவிக் கொடுத்தேன். "மாட்டுனதா நெனச்சிருப்ப அய்யா. மனுசனுக்கு மறதி வராதா. ஒன்னைய யாரு என்ன சொல்லப் போறா" என்றேன்.

அன்றிலிருந்து அவன் அதையே திருப்பித் திருப்பிக் கேட்டுக்கொண்டிருக்கிறான். போகிற வருகிற ஆட்களை நிறுத்தி, "நான் கழட்டியாச்சுன்னு சொன்னது கேட்டுச்சுல்ல?" என்பான். கேட்டது என்பார்கள். "சொன்னேன் சரி, கழட்டுனேனா?" என்பான். பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று நகர்ந்துவிடுவார்கள். நான்கைந்து நாளில் அவனுக்கே சந்தேகம் வந்துவிட்டது. பத்தாம் நாள் சந்துக்குள் போய் நின்று, வெறும் ஆணியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் தினம் அவனுக்குச் சோறு கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு மனிதன் தன் கை செய்ததைத் தானே நம்ப முடியாமல் கிடப்பது பெரிய சிறை தாயி. அதைப் பக்கத்தில் இருந்து பார்ப்பதும் லேசில்லை. எனக்கும் சாப்பாடு இறங்கவில்லை. ஊரில் என்னைத்தான் தாய் மாதிரி என்று சொன்னார்கள். சந்தோஷமாக இல்லை, ஆனாலும் மறுத்துச் சொல்லவும் வழியில்லை. ஒவ்வொரு நாளும் என்னைச் சுற்றி யாரோ ஒவ்வொரு கதவாக அடைத்துக்கொண்டு வந்தது மாதிரி இருந்தது.

தலைவர் வந்தார். "ஒண்ணாந் தேதி முடிவெல்லாம் இப்போதைக்குத் தள்ளிப் போட்டாச்சும்மா. ஊரு இருக்குற நெலமையில நீங்கதான் பாக்கணும்" என்றார். எனக்கு உடம்பு முடியவில்லை என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. ஊருக்காக ஒத்துக்கொண்டேன். ஜூலை ஒன்றாம் தேதி செவ்வாய், நானே திறந்தேன். முதலில் மேலத் தெரு, கடைசியில் வடக்குத் தெரு. பழைய முறைதான் எனக்குக் கைவந்தது.

நேற்று மாலதிக்குப் பதினாறாம் நாள் காரியம். அவளைப் பெற்ற அய்யா, மருதுபாண்டிதான் வேண்டுமென்றே பிளக்கைச் செருகினான் என்று உங்களிடம் மனு கொடுத்திருக்கிறார். காரியம் முடிந்த கையோடு நீங்கள் வந்து அவனைக் கூட்டிப் போனீர்கள். இப்போது பக்கத்து அறையில் இருக்கிறான். அவன் இருமுவது இங்கே கேட்கிறது. "மறந்துதான் போயிருக்கேன், எழுதிக்கங்க" என்று கையெழுத்துப் போட்டுவிட்டதாகச் சொன்னீர்கள். அவன் மறக்கவில்லை. கழட்டினான். ஆணியில் மாட்டினான். பெரிய ஒழுங்கோடு மாட்டினான், வயர் முறுக்கிக்கொள்ளாமல் ஒரு சுற்றுச் சுற்றி மாட்டினான். நான் பார்த்தேன். நான்தான் எடுத்துச் செருகினேன். இதை இப்போதே அவனிடம் போய்ப் படித்துக் காட்டுங்கள். அவன் கை செய்தது சரிதான் என்று அவனுக்குத் தெரியட்டும். மற்றதை அப்புறம் படிக்கலாம்.

நீங்கள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். போனில் எட்டு பன்னிரண்டு, ரிஜிஸ்டரில் எட்டு நாற்பது. "நீங்க ரிஜிஸ்டர்லயும் எட்டு பன்னெண்டுன்னு எழுதியிருந்தா எனக்கு எதுவுமே தெரிஞ்சிருக்காதும்மா, ஏன் எழுதல?" என்று கேட்டீர்கள். அந்தக் கேள்வி எனக்குப் புரியவில்லை தாயி. அடைத்தது எட்டு நாற்பதுக்கு. அதில் எப்படிப் பொய் எழுத முடியும்? பத்தொன்பது வருட ரிஜிஸ்டர்.

ஏன் செய்தாய் என்றும் கேட்டீர்கள். யோசித்துப் பார்த்தேன். அந்த வேலையில் நான் பட்ட பாட்டை முதலிலேயே எழுதியிருக்கிறேன். தாய் முகத்தைப் பார்க்கவில்லை. பேத்தியைத் தூக்கவில்லை. அந்தச் சின்ன வயதில் அவளும் அதே தொட்டியில் கட்டுண்டு கிடக்க வேண்டாமே என்று எனக்குள் ஒரு இரக்கம் இருந்திருக்க வேண்டும். வேறு காரணம் எதுவும் எனக்குத் தோன்றவில்லை. சாவியை யாராவது வாங்கிக்கொள்ள மாட்டார்களா என்று ஏங்கிக் கிடந்தவள் நான். என்னைப் போய்ப் பொறாமை என்று உங்கள் ஏட்டு சொன்னது மட்டும் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

இனி என்னை எங்கே வைத்தாலும் சம்மதம். வாசலைப் பூட்டி வைத்திருந்தாலும் எனக்குப் புதிது இல்லை. ஒன்றே ஒன்றுதான். உங்கள் ஆட்கள் என் பை, போன், சில்லறை எல்லாம் வாங்கிக்கொண்டார்கள். மோட்டார் ரூம் சாவி இடுப்பில் இருக்கிறது, அதை மட்டும் கேட்காதீர்கள். நாளைக்குச் செவ்வாய்க்கிழமை. வடக்குத் தெரு வால்வு இரண்டரைச் சுற்றில் ஒரு இடத்தில் பிடிக்கும், அங்கே கொஞ்சம் பின்னால் திருப்பித்தான் முன்னால் விட வேண்டும், வேறு ஆளுக்கு அது வராது. காலையில் இரண்டு மணி நேரம் மட்டும் என்னை விடுங்கள் தாயி. திறந்து அடைத்துவிட்டு, நேரத்தை எழுதிவிட்டு, நானே திரும்பி வந்துவிடுகிறேன்.